1900-இல் எந்த நீர்மூழ்கியை வாங்குவது: மின்சாரப் படகா, நர்வாலா, ஹாலண்டா?

1900-ஆம் ஆண்டில் நீர்மூழ்கி வாங்க நினைத்த கடற்படைக்கு உருப்படியான வழிகள் மூன்றே இருந்தன. பேட்டரியை மட்டுமே நம்பி ஓடும் பிரெஞ்சுப் படகு ஒன்று. குஸ்தாவ் ஸெதேயும் மோர்ஸும் அந்த வகை. மேலே நீராவியிலும் கீழே மின்சாரத்திலும் ஓடும் நர்வால் இன்னொன்று; அதை வரைந்தவர் மக்ஸீம் லோபெஃப். மூன்றாவது, மேலே பெட்ரோலிலும் கீழே மின்சாரத்திலும் ஓடிய ஜான் ஹாலண்டின் அமெரிக்கப் படகு. அந்த ஆண்டு பிரான்ஸ் முதல் இரண்டையும் ஒருசேர வளர்த்தது, அமெரிக்கா மூன்றாவதை வாங்கியது, பிரிட்டனும் அதையே தேர்ந்தது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் முதலில் கேட்டார்கள். வேகம் பின்னால் பார்க்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, தீர்ந்த பேட்டரி எங்கே, எதனால் மறுபடி நிரம்பும் என்பதே. அதற்குக் கிடைக்கும் பதில்தான் படகின் அளவையும், அது போய்வரக்கூடிய தூரத்தையும், மூழ்க எடுக்கும் நேரத்தையும், உள்ளே இருப்பவர்களின் உயிர் ஆபத்தையும் தீர்மானிக்கிறது.

கைவிசை ஏன் பட்டியலில் இல்லை

மனிதக் கைகளால் சுழலும் படகு போர்க்கப்பலை மூழ்கடிக்கும் என்பது 1864 பிப்ரவரி 17 அன்றே தெரிந்துவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே, ஹன்லி என்ற சுமார் 12 மீட்டர் நீளப் படகு ஹவுஸடானிக் என்ற கப்பலை மூழ்கடித்தது. உள்ளே 8 பேர். 7 பேர் சுழல்தண்டைச் சுற்றினார்கள், ஒருவர் ஓட்டினார். ஆயுதம், முன்னால் நீட்டிய கம்பத்தின் முனையில் கட்டிய சுமார் 61 கிலோ வெடிமருந்து. அந்தத் தாக்குதலிலிருந்து ஹன்லி திரும்பவில்லை. அதற்கு முன்பே இரண்டு முறை மூழ்கி 5 பேரையும், பிறகு 8 பேரையும் பலி வாங்கியிருந்தது. அமைதியான நீரிலேயே 4 நாட்டுக்குமேல் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) போகாத படகு அது. நீரோட்டம் எதிரே வந்தால் இருந்த இடத்தைவிட்டு நகராது. மூச்சுக்காற்றும் தசைவலுவும் சேர்ந்தே தீர்ந்துபோகும் ஏற்பாடு. ஆகவே இது தேர்வுக்கு வராது.

முதல் சோதனை: நீருக்கடியில் நேராக நிற்குமா?

மூன்றையும் ஒப்பிடுமுன் எல்லா நீர்மூழ்கிக்கும் பொதுவான ஒரு சிக்கலைப் புரிந்துகொள்வது நல்லது. 1880-களில் பணம் போட்டவர்கள் பலர் இதில்தான் ஏமாந்தார்கள்.

நீர்மட்டத்தில் மிதக்கும் கப்பலின் முன்பக்கம் தாழ்ந்தால் அங்கே கூடுதல் உடல் நீருக்குள் போகிறது. அது உடனே மேலே தள்ளி நேராக்கிவிடும். முழுக்க மூழ்கிய படகுக்கு அந்த உதவி இல்லை. எடையின் மையம் மிதப்பின் மையத்துக்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தச் சிறு இடைவெளி மட்டுமே அதை நேராக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகு 74 டன், இடைவெளி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை ஒரு டிகிரி சாய்க்க ஏறத்தாழ 258 கிலோ-மீட்டர் (எடையின் கிலோவை மீட்டர் தூரத்தால் பெருக்கியது) திருப்புவிசை போதும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நான்கு மீட்டர் முன்னால் நடந்தாலே 280 வந்துவிடுகிறது. ஓடும் படகில் ஒரு டிகிரி சாய்வு சில நிமிடங்களில் பல மீட்டர் ஆழ வித்தியாசமாக மாறும்.

இதோடு, மூழ்குவதற்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகளில் பாதி நிரம்பிய நீரும் சேர்ந்தால் நிலைமை கைமீறும். குறைகுடம் தளும்பும் என்பது இங்கே அப்படியே பொருந்தும்: முன்பக்கம் சற்றுத் தாழ்ந்ததும் தொட்டி நீரெல்லாம் முன்னால் ஓடுகிறது, அதனால் இன்னும் தாழ்கிறது, இன்னும் ஓடுகிறது. 1880-களின் நார்டன்ஃபெல்ட் படகுகளைக் கெடுத்தது இதுதான். முதல் படகை கிரேக்கம் வாங்கியது, அடுத்த வகையைத் துருக்கி வாங்கியது. கொதிகலனிலும் வெந்நீர்த் தொட்டிகளிலும் நீர் அலைந்துகொண்டிருக்க, யாராவது நகர்ந்தால் படகு சாய்ந்தது. செங்குத்து உந்திகளால் அமுக்கிப் பிடித்து, உடலைக் கிடையாகவே வைத்து ஆழத்துக்குப் போவது அதன் கொள்கை. காகிதத்தில் அழகாக இருந்தது, கடலில் நிற்கவில்லை.

குஸ்தாவ் ஸெதேயும் முதலில் இதே தொல்லையில் சிக்கியது. 48 மீட்டருக்கும் நீளமான படகை, மூக்கை ஏற்றி இறக்கும் பின்பக்கத்துக் கிடைச்சுக்கான்களை மட்டும் கொண்டு ஆழத்தில் நிறுத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. பிறகு நடுவிலும் முன்பக்கத்திலும் கூடுதல் சுக்கான்கள் பொருத்திய பின்தான் அடங்கியது. ஆகவே நீளமான படகு வாங்குகிறவர் முன்பக்கச் சுக்கான் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஹாலண்ட் வேறு பாதையில் போனார். படகைக் குட்டையாக வைத்தார். முக்கியத் தொட்டிகளை விளிம்புவரை நிரப்பிவிடுவது, நுண்ணிய சரிக்கட்டலுக்கு மட்டும் சிறு தொட்டிகள், எடை மையத்தை நன்றாகக் கீழே வைப்பது, கொஞ்சம் மிதப்பை எப்போதும் மிச்சம் வைத்துக்கொண்டு ஓட்டத்தின் வேகத்திலும் பின்சுக்கானின் சாய்விலும் மூக்கைத் தாழ்த்தி மூழ்குவது. எஞ்சின் நின்றுபோனால் படகு தானாக மேலே வரும். 1900-இல் இருந்தவற்றில் ஆழக் கட்டுப்பாட்டில் நல்லது இதுதான் என்பது எங்கள் முடிவு.

மின்சாரம் மட்டும்

பேட்டரி மட்டும் கொண்ட படகுக்குச் சாதகங்கள் நிறைய உண்டு. புகைபோக்கி இல்லை, கொதிகலன் இல்லை, காற்றை உறிஞ்சும் எஞ்சின் இல்லை. மேலே ஓடினாலும் கீழே ஓடினாலும் ஒரே மோட்டார். மூழ்கும் உத்தரவு வந்ததும் மூடியைச் சாத்தித் தொட்டியைத் திறந்தால் போதும். எரிபொருள் தீர்ந்து எடை குறைவதில்லை என்பதால் சமநிலைக் கணக்கும் எளிது. 1898-இல் குஸ்தாவ் ஸெதே பயிற்சியில் மஜெந்தா என்ற போர்க்கப்பலைப் பயிற்சி டார்பிடோவால் (டார்பிடோ என்பது நீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கும் ஆயுதம்) அடித்தது. 1901 ஜூலையில் கோர்சிகாவின் அஜாக்ஸியோ அருகே கடற்படை ஒத்திகையில் சார்ல் மார்த்தெல் கப்பலையும் அடித்தது. இந்த வகை வெறும் விளையாட்டுப் பொருள் என்று சொல்ல இடமில்லை.

கெடுவது பேட்டரியில்தான். 1888-இல் பிரான்ஸின் தூலோனில் கடலில் இறங்கிய ஜிம்நோட் என்ற மின்சாரப் படகு 564 காரக் கலங்களோடு (பேட்டரியின் தனித்தனி அலகுகள்) தொடங்கியது. 1891-இல் அவற்றை எடுத்துவிட்டு 204 ஈய-அமிலக் கலங்கள் வைத்தார்கள். குஸ்தாவ் ஸெதேக்கு முதலில் 720 கலங்கள் வைத்து, பின்பு பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. அதே 1888-இல் ஸ்பெயினில் இறங்கிய இசாக் பெரலின் படகில் 613 கலங்கள். இத்தனை கலங்களில் ஒன்று விரிசல்விட்டாலும் அமிலம் கசியும். படகு சாய்ந்தால் சிந்தும். சிந்திய அமிலம் எஃகுத் தகட்டைத் தின்னும். கடல்நீர் கலத்துக்குள் புகுந்தால் குளோரின் வாயு வரும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆகவே மின்னேற்றும் நேரம் முழுக்கவும், முடிந்த பிறகும் விசிறி ஓட வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் தேவை. 6 நாட்டில் ஒரு மணி நேரம் ஓடும் பேட்டரி 3 நாட்டில் எட்டு மணி நேரம் ஓடும். தூரம் 6 மைலிலிருந்து 24 மைலாக உயரும். மெதுவாக இறக்கினால் ஈயக் கலம் இன்னும் கொஞ்சம் கூடவே கொடுக்கும். எனவே “இத்தனை மைல் போகும்” என்று விற்பவர் சொன்னால், எந்த வேகத்தில் என்று கேட்காதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இந்த வகையின் உண்மையான எல்லை வேறு. படகால் தன்னைத்தானே மின்னேற்றிக்கொள்ள முடியாது. கரையிலோ துணைக்கப்பலிலோ மின்சாரம் உண்டாக்கும் டைனமோ இருக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதில் பாதி திரும்பி வருவதற்கே வேண்டும். எதிரி துறைமுக வாசலுக்கு வரும்வரை காத்திருப்பதானால் இது போதும். அவனைத் தேடிப் போவதானால் ஆகாது.

நீராவியும் இரட்டைக் கூடும்: நர்வால்

1896-இல் பிரெஞ்சுக் கடற்படை அமைச்சர் எதுவார் லொக்ருவா ஒரு போட்டி அறிவித்தார். 200 டன் எடைக்குள் ஒரு படகு. மேலே 100 மைல், கீழே 10 மைல் போக வேண்டும். வென்றது லோபெஃபின் வரைவு. 1899 அக்டோபர் 21-இல் நர்வால் செர்பூரில் கடலில் இறங்கியது. நீளம் 34 மீட்டர். மேலே 117 டன், மூழ்கினால் 202 டன்.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 85 டன்னில்தான் நர்வாலின் பெருமையும் சிறுமையும் அடங்கியிருக்கிறது. 202-இல் 85 என்றால் 42 சதவீத மிச்ச மிதப்பு, அதாவது மூழ்க நீரால் நிரப்ப வேண்டிய பங்கு. உள்ளே அழுத்தம் தாங்கும் உருளைக் கூடு, வெளியே டார்பிடோப் படகின் வடிவில் இன்னொரு கூடு, இரண்டுக்கும் நடுவே தொட்டிகள். மூழ்கும்போது வெளித்தொட்டிகளில் கடல்நீர் நிறைந்து, வெளித்தகட்டின் இருபுறமும் அழுத்தம் சமமாகிவிடுவதால் அதை மெல்லிய தகட்டிலேயே செய்யலாம். 20 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 20 டன் கூடுதல் அழுத்தம். அதைத் தாங்குவது உள்கூடு மட்டும். இதனால் மேலே ஓடும்போது நர்வால் ஒழுங்கான கப்பலைப் போலவே அலையைச் சந்தித்தது.

மேலே ஓட எண்ணெய் எரிக்கும் கொதிகலனும், நீராவியை மூன்று கட்டமாக விரியவிடும் முவ்விரிவு நீராவி எஞ்சினும். கீழே சுமார் 80 குதிரைத்திறன் மின்மோட்டார். நீராவி எஞ்சினே டைனமோவைச் சுழற்றி, நடுக்கடலில் பேட்டரியை நிரப்பும். மேலே 9 நாட்டுக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் சுமார் 345 கடல் மைல், கீழே 3 நாட்டுக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் சுமார் 58 கடல் மைல். செர்பூரிலிருந்து பிரிட்டிஷ் கடற்படைத் தளமான போர்ட்ஸ்மவுத் சுமார் 75 கடல் மைல். போக, வர 150. காத்திருக்கவும் மிச்சம் இருக்கிறது. பிரிட்டனை எதிரியாக நினைத்த பிரான்ஸுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

விலை கொடுக்க வேண்டிய இடம் மூழ்கும் நேரம். எரியும் நெருப்பை அணைக்க வேண்டும், புகைபோக்கியை மடக்கி மூடியிட வேண்டும், காற்றுவழிகளை அடைக்க வேண்டும், கொதிகலனின் சூட்டைத் தணிக்க வேண்டும், பிறகு 85 டன் நீரை உள்ளே விட வேண்டும். ஆரம்பத்தில் 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. பழகப் பழக 12 நிமிடம் வரை குறைந்தது. தொடுவானில் தெரியும் ஒரு டார்பிடோ நாசகாரி (வேகமான சிறு போர்க்கப்பல்) 25 நாட்டில் வந்தால் 12 நிமிடத்தில் 5 மைல் கடந்துவிடும். 20 நிமிடத்தில் 8 மைலுக்கு மேல். ஆகவே நர்வால் பகலில் எதிரிக் கரைக்கு அருகே நீராவியில் ஓட முடியாது. இரவில் மேலே ஓடி, விடியுமுன் மூழ்கிவிட வேண்டும். அப்படித் திட்டமிட்டுப் பயன்படுத்தினால் குறை குறைந்துபோகும். மறந்தால் படகே போய்விடும்.

மூடிய கூட்டுக்குள் நீராவி வைப்பதன் ஆபத்தை அமெரிக்கா அதே காலத்தில் நேரடியாகப் பார்த்தது. 1895-இல் ஒப்பந்தமாகி 1897-இல் இறங்கிய பிளஞ்சர் என்ற ஹாலண்ட் படகில் நீராவி இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது கடற்படை. அது கேட்ட வேகத்துக்கு அன்று வேறு எஞ்சின் கிடையாது. கொதிகலனை மூன்றில் இரண்டு பங்கு திறனில் ஓட்டியபோதே உள்ளே 58 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் ஆள் வேலை செய்ய முடியாது. திட்டம் கைவிடப்பட்டது. நர்வாலில் இது தாங்கக்கூடிய அளவில் இருந்ததற்குக் காரணம் திறனை மிதமாக வைத்ததுதான். நீராவியைத் தேர்ந்தால் அதிக வேகம் கேட்காதே என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டியது.

பெட்ரோல்: ஹாலண்ட்

பிளஞ்சர் தேறாது என்று உணர்ந்த ஹாலண்ட், கடற்படையின் குறுக்கீடு இல்லாமல் தன் நிறுவனத்தின் செலவில் இன்னொரு படகு கட்டினார். 1897 மே 17-இல் நியூ ஜெர்சியின் எலிசபெத்தில் இறங்கிய அது 16.4 மீட்டர் நீளம், மேலே 64 டன், மூழ்கினால் 74 டன். 45 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், ஒரு மின்மோட்டார், முன்னால் ஒரு டார்பிடோக் குழாய். 1900 ஏப்ரல் 11-இல் அமெரிக்கக் கடற்படை 1,50,000 டாலருக்கு வாங்கியது. கட்டியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே செலவாகியிருந்தது.

நர்வாலோடு எண்களை வைத்துப் பாருங்கள். மூழ்க உள்ளே விட வேண்டியது 10 டன் நீர்தான். மிச்ச மிதப்பு 14 சதவீதத்துக்கும் குறைவு. படகின் மேலே நீட்டியிருக்கும், நின்று வெளியே பார்க்கும் கோபுரம் மட்டும் வெளியே தெரியும்படி தொட்டிகளை முன்பே நிரப்பி வைத்துக்கொண்டால், மறைவதற்குச் சில நொடிகளே ஆகும். பெட்ரோல் எஞ்சினை நிறுத்தச் சாவியைத் திருப்பினால் போதும். ஆறவைக்க வேண்டிய கொதிகலன் கிடையாது. நடுக்கடலில் அதே எஞ்சின் பேட்டரியை நிரப்பும். மேலே 6 நாட்டில் சுமார் 200 கடல் மைல்.

குறைகளும் அதே சிறிய உடலிலிருந்து வருகின்றன. மிதப்பு குறைவு என்பதால் கரடுமுரடான கடலில் அலை கோபுரத்தின்மேல் ஏறும். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டுவதே ஆபத்தாகிவிடும். தூரப்பயணம் ஆள்களை ஒடித்துவிடும். மூழ்கியபடியே மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப் என்ற குழாய் இல்லாததால், இலக்கைப் பார்க்க அடிக்கடி தலையை வெளியே நீட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் எதிரிக்கும் அது தெரியும்.

பிரிட்டன் 1900-இல் விக்கர்ஸ் நிறுவனத்தின் வழியாக இந்த வகையில் ஐந்து படகுகளுக்கு உத்தரவு கொடுத்தது. இங்கிலாந்தின் பாரோவில் கட்டிய முதல் படகு 1901 அக்டோபர் 2-இல் இறங்கியது: சற்றுப் பெரியது, 19.5 மீட்டர், 160 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், 8 பேர். அதில் ஒரு பெரிஸ்கோப்பும் வைத்தார்கள். முன்னால் பார்த்தால் உருவம் நேராகத் தெரியும், பக்கவாட்டில் திருப்பினால் படுத்துத் தெரியும், பின்னால் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். பழகும்வரை இது குழப்பும். ஆனால் கோபுரத்தையே வெளியே நீட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

பெட்ரோல் ஆவி வேறு விஷயம். அது காற்றைவிடக் கனம். தரைத்தட்டுக்கு அடியில் போய்த் தங்கும், விசிறி மேற்பரப்புக் காற்றை மாற்றினாலும் அசையாது. மோட்டார் சுவிட்சில் வரும் பொறி அதைப் பற்றவைக்கும். ஹாலண்டுக்கு அடுத்து வந்த பிரிட்டிஷ் ஏ வகையில், 1905 பிப்ரவரி 16-இல் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனில் ஏ-5 படகு வெடித்து 6 பேர் இறந்தார்கள். பெட்ரோல் படகு வாங்கினால் அடித்தளத்துக்கு நேராகப் போகும் காற்றுக்குழாயும், ஒவ்வொரு இணைப்பிலும் கசிவுச் சோதனையும் கட்டாயம்.

டார்பிடோ எங்கே இருக்கிறது

ஹாலண்டில் டார்பிடோ குழாய்க்குள் இருக்கிறது. உலர்ந்த இடம், கடலிலேயே பிரித்துப் பார்க்கலாம். சுட்ட பிறகு குழாயில் புகுந்த நீரை அருகிலுள்ள தொட்டிக்கே வடிக்க வேண்டும். தொலைவான தொட்டிக்கு அனுப்பினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். நர்வாலில் குழாயே இல்லை. வெளித்தளத்தில் நான்கு டார்பிடோக்கள் ட்ஷெவியெத்ஸ்கி என்பவரின் பெயரால் அழைக்கப்படும் கொக்கிகளில் தொங்கின. நான்கு என்பது பெரிய சாதகம். சுட்டாலும் சமநிலை அதிகம் குலையாது. ஆனால் நாள்கணக்கில் உப்புநீரில் ஊறும் டார்பிடோவைக் கடலில் சரிபார்க்க முடியாது. பக்கவாட்டில் விடுவதால் குறியும் அவ்வளவு நம்பகமில்லை. ஒரு நல்ல டார்பிடோவா, நான்கு சந்தேகமான டார்பிடோக்களா என்றால் குழாயைத்தான் தேர்வோம்.

யார் எதை வாங்குவது

சொந்தத் துறைமுக வாசலைக் காப்பது மட்டுமே வேலை, கரையில் டைனமோ இருக்கிறது, பணம் குறைவு என்றால் சிறு மின்சாரப் படகு தப்பான தேர்வு ஆகாது. ஆனால் அதே பணத்துக்குச் சிறிய எஞ்சினும் டைனமோவும் சேர்த்துவிட முடிந்தால் சேர்த்துவிடுவதே நல்லது. எதிரித் துறைமுகம் 75 மைலில் இருக்க, அதை முற்றுகையிட நினைப்பவருக்கு நர்வால்தான். ஹாலண்டின் 200 மைலில் போய்வந்தால் காத்திருக்க மிச்சம் கொஞ்சமே. நீர்மூழ்கியோடு பழக்கமே இல்லாத, அதை ஓட்டவும் எதிர்க்கவும் கற்றுக்கொள்ள விரும்பும் கடற்படைக்கு ஹாலண்ட். பிரிட்டன் செய்தது இதுதான், சரியாகவே செய்தது. ஐந்தில் ஒன்றுகூடப் போருக்குப் போகாவிட்டாலும், அந்த ஐந்தில் பழகிய ஆள்கள்தான் அடுத்த வகைகளை ஓட்டினார்கள்.

எண்ணிக்கையில் மட்டும் கைச்சிக்கனம் வேண்டும். 1900-இல் இருந்த மூன்று எஞ்சின் ஏற்பாடுகளுமே தற்காலிகமானவை. நீராவி சூடு, பெட்ரோல் வெடிப்பு, பேட்டரி தூரக்குறைவு. 1904-இல் பிரான்ஸில் இறங்கிய, லோபெஃப் வரைந்த ஏக்ரெத்தில் டீசல் எஞ்சின் வந்தது: கனமான எண்ணெய், எளிதில் ஆவியாகாது, கொதிகலன் இல்லை, நிறுத்தினால் உடனே நிற்கும். நான்கு ஐந்து படகுகளுக்கு மேல் 1900-இல் உத்தரவு கொடுத்த எல்லோரும் விரைவில் பழையதாகப் போகும் பொருளை வாங்கினார்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை சில உண்டு. மேலே முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து முழுக்க மூழ்கும்வரை கடிகாரம் வைத்து அளந்த நேரம். நின்ற நிலையிலிருந்து அளந்ததை ஏற்கக் கூடாது. இரண்டு மணி நேரம் மூழ்கி ஓடும்போது ஆழம் எத்தனை மீட்டர் ஏறி இறங்கியது என்ற பதிவு, ஆள்கள் வழக்கம்போல் நடமாடும் நிலையில். மேலே ஓடிக்கொண்டே பேட்டரியை முழுதாக நிரப்ப ஆகும் நேரமும் அதற்குச் செலவாகும் எரிபொருளும். கோபுரத்தின் அடியில் இன்னொரு மூடி. இந்தக் கடைசி நிபந்தனையை 1904 மார்ச் 18-இல் பிரிட்டிஷ் ஏ-1 கற்றுக்கொடுத்தது. பயிற்சித் தாக்குதலில் இலக்கின்மீதே கண்ணாக இருந்த அந்தப் படகைப் பெர்விக் காசில் என்ற பயணிக்கப்பல் கோபுரத்தில் இடித்துச் சென்றது. நீர் நேராக உள்ளே இறங்க 11 பேரும் இறந்தார்கள். கீழ்மூடி இருந்திருந்தால் கோபுரம் மட்டும் நிரம்பியிருக்கும். அதன் பிறகே அந்த மூடி பிரிட்டிஷ் படகுகளில் வழக்கமானது.